மேட்டில் இறங்கும் மாப்பிள்ளை

என் வீட்டுக்காரர் வீரத்தினால்தான் குதிரைப்படையில் சேர்ந்தார் என்று எங்கள் தெருவில் பலர் நம்புகிறார்கள். கல்யாணமான புதிதில் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மை வேறு. அவர் ஒரு ரொட்டிக்கடைக்காரரின் மகன். சண்டை மூண்டு ஆள் எடுத்தபோது, வரிசையில் நின்றவரிடம், "குதிரை பழக்கம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். அதுவரை அவர் தொட்டிருந்த குதிரை, அப்பாவின் ரொட்டி வண்டியில் கட்டியிருந்த கிழட்டுக் குதிரை ஒன்றுதான். அதிலும் வாலை மட்டும்தான் தொட்டிருந்தார். ஆனாலும் கூசாமல் "உண்டு" என்று சொல்லிவிட்டார். காலாட்படை என்றால் நடக்க வேண்டும், குதிரைப்படை என்றால் உட்கார்ந்துகொண்டே போகலாம். இதுதான் அவருடைய வீரம்.

ஆண்டவன் அதைக் கேட்டுச் சிரித்திருப்பான். குதிரைப்படையில் ஒரு சட்டம் உண்டாம். மேடு வந்தால் எல்லாரும் கீழே இறங்கிவிட வேண்டும். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு குதிரைக்குப் பக்கத்தில் நடந்து ஏற வேண்டும். முகாம் நெருங்கினாலும் இறங்க வேண்டும், குதிரை வேர்வை ஆறித்தான் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. போனதும் முதலில் குதிரைக்குத் தண்ணீரும் தீவனமும். அப்புறம் சேணத்தைத் துடைத்து வைப்பது. அதற்கும் அப்புறம்தான் மனிதனுக்குச் சாப்பாடு. சண்டை நடந்த நாடோ திரும்பின பக்கமெல்லாம் மலை. நடக்கச் சோம்பல்பட்டுக் குதிரைப்படையில் சேர்ந்தவர், அந்த நாட்டு மேடுகளையெல்லாம் காலாலேயே அளந்துவிட்டு வந்தார்.

"துப்பாக்கியத் தூக்கினதவிடத் தண்ணி வாளியத் தூக்கினதுதான் அதிகம்" என்று அவரே சொல்வார். யாராவது வீரக்கதை கேட்டு வந்தால், குதிரையின் முதுகை எந்தத் திசையில் தேய்க்க வேண்டும் என்று ஆரம்பித்துவிடுவார். வந்தவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்து போவார்கள்.

அவருக்குக் கிடைத்தது ஒரு பெண் குதிரை. செம்பழுப்பு நிறம், மூக்கில் வெள்ளைப் பட்டை, நல்ல உயரம். சேணம் கட்டப் போனால் மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளுமாம். இவர் வாரை இறுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்ததும் நிதானமாக மூச்சை விடுமாம். வார் தளர்ந்து, சேணம் சரிந்து, சேணத்தோடு இவரும் சரிந்து தரைக்கு வருவார். முதல் வாரத்திலேயே தோளில் ஒரு கடி. தேய்த்துவிட்டால் பிடிக்காது, தேய்க்காவிட்டாலும் பிடிக்காது. அது அவரைப் பார்க்கிற பார்வையை வைத்துக் கூட இருந்தவர்கள் அதற்கு 'மாமியார்' என்று பேர் வைத்தார்கள். இவருக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, மறுத்துப் பேசத் தோன்றவில்லை.

அதனால் வந்த வினை, என்னைப் பெண் கேட்டு வந்த அன்றைக்கு வெடித்தது.

சண்டை முடிந்து ஊர் திரும்பியிருந்தார். அகலமான மனிதர், கால்கள் இரண்டும் நடுவில் ஒரு பீப்பாய் இருப்பதுபோல வளைந்திருந்தன. கூடத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அதன்மேல் கால் அகட்டி உட்கார்ந்தார். என் அண்ணன் மரியாதைக்காக எழுந்து நின்றார். அம்மாவும் நானும் கதவுக்குப் பின்னால் நின்றோம்.

"சண்டையில பலமா அடி எதுவும் படலையே தம்பி?" என்று அண்ணன் கேட்டார்.

அவருக்குப் பொய் சொல்ல வராது. ஆள் எடுத்த அன்று சொன்ன ஒரே பொய்யோடு அந்தப் பழக்கத்தை விட்டிருந்தார். சட்டைக் காலரை விலக்கிக் காட்டினார்.

"இந்தப் பக்கம் குண்டு பட்டது. அது ஆறிப்போச்சுங்க. இந்தப் பக்கம் மாமியார் கடிச்சது. மழை வந்தா இன்னும் வலிக்குது."

அண்ணன் மெதுவாக உட்கார்ந்தார்.

"தம்பிக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சா?"

அவர் பதறிப்போய் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு வாயில்லா ஜீவனுக்கு வைக்க வேற பேரே கிடைக்கலையா அவங்களுக்கு?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, எனக்கு மட்டும் சொல்வதுபோலச் சொன்னாள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். என்னை அப்படிச் சிரிக்க வைத்தவரையே கட்டிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது, படை கலைந்தாலும் அவர் உடம்பு கலையவில்லை என்று. எங்களுக்கு ஒரு சின்ன சமையலறை. அடுப்புக்கு முன்னால் நான் நின்றால் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டுதான் போக முடியும். அவர் என் பின்னால் போகும்போதெல்லாம் தோளில் மெதுவாகக் கை வைப்பார். முதுகோடு கையை ஓட்டிக்கொண்டே, "இருக்கேன், இருக்கேன்" என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டு போவார். எனக்கு உச்சி குளிர்ந்து போகும். எவ்வளவு பிரியமான மனிதரைக் கொடுத்தாய் என்று கடவுளுக்கு நன்றி சொல்வேன். ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"ஏங்க, எப்பப் போனாலும் தொட்டுக்கிட்டே போறீங்களே, ஏன்?"

"பின்னால போறப்ப குரல் குடுக்கணும்மா. இல்லேன்னா மிரண்டு உதைச்சிடும்" என்றார்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. அன்றைக்கு நான் நிஜமாகவே உதைத்திருப்பேன். கடவுள் பொறுமை கொடுத்தார். இன்றுவரை அந்தக் கை நிற்கவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளைகள் பிறந்த பிறகு, வெளியே விளையாடிவிட்டு வந்தால் ஒவ்வொருவரின் காலையும் பின்பக்கமாக மடக்கித் தூக்கி, கல் கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

நான் சொல்ல வந்தது அவருடைய வேலை விஷயம்.

சண்டைக்குப் பிறகு குதிரைப்படைக்காரனுக்கு எங்கே வேலை? ஊரில் குதிரையே குதிரைக்கொம்பாகிவிட்டது. அண்ணனுக்கு அடுத்த தெருவில் ஆணிக்கடை இருந்தது. ஆணி, தாழ்ப்பாள், கீல், கம்பி எல்லாம் விற்பார். "மாப்பிள்ளை வெளிய எங்கயும் அலைய வேணாம், நம்ம கடையில உக்காரட்டும்" என்று சொல்லித் தராசுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார். அண்ணன் கெட்டவர் அல்ல, நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் என் மனுஷர் நாளுக்கு நாள் வாடிப்போனார். உயிருள்ள ஒன்றின் மூச்சு பக்கத்தில் கேட்டே பழகிய ஆள். ஆணி மூச்சு விடுமா? வீட்டுக்கு வந்தால் பேச்சு இல்லை. சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. சமையலறையில் என் பின்னால் போகும்போது கைகூட வைக்காமல் போனார் ஒருநாள். அன்றைக்குத்தான் இது இப்படியே போகக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மேட்டு ஆஸ்பத்திரியில் நோயாளி வண்டிக்கு டிரைவர் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. அங்கே தலைமை நர்ஸாக இருந்த அம்மாள் என்னோடு பிரார்த்தனைக்கு வருபவர். "சண்டையில இருந்து வந்தவங்களுக்குத்தான் முதலிடம். லைசன்ஸ் மட்டும் எடுத்துட்டு வரச் சொல்லு. மூணு தடவ பரீட்சைக்கு விடுவாங்க, அதுக்குள்ள பாஸாயிடணும்" என்றார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்க வீடும் கொடுப்பார்களாம். இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் முகத்தில் வெகு நாளைக்கப்புறம் வெளிச்சம் வந்தது.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. அவள் அண்ணனோடு கடைக்கு மேலே இருந்தாள். சாயங்காலமானால் எங்கள் மாடிக்கு வந்துவிடுவாள். அண்ணன் வீட்டில் படி அதிகம், முட்டி வலிக்கிறது என்பாள். எங்கள் வீட்டிலும் அதே அளவு படிதான். "சொந்தக் கடையில நிழல்ல உக்காந்திருக்கிறத விட்டுட்டு நோயாளியத் தூக்கிக்கிட்டு ஓடணுமா? மூணு தடவையும் தேறலேன்னா பேசாம ஆணிக்கடைதான், அப்புறம் மூச்சு விடக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அண்ணனும் அதற்குத் தலையாட்டினார். இவரும் சரி என்று ஒத்துக்கொண்டார்.

அவர் ஓட்டக் கற்றுக்கொண்டது எல்லாரும் மெச்சும்படி இருந்தது. ஆஸ்பத்திரி வண்டியும் சண்டையில் ஓடிவிட்டு வந்ததுதான், அவரைப்போல. ஆரம்பத்தில் நிறுத்த வேண்டிய இடத்தில் ஸ்டியரிங்கை மார்போடு சேர்த்து இழுத்தார், முட்டியால் இரண்டு பக்கமும் இறுக்கினார், வண்டி கேட்கவில்லை. அதெல்லாம் போகப் போகச் சரியாயிற்று. காலையில் போனதும் நாலு சக்கரத்தையும் சுற்றிப் பார்ப்பார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார். அது முடிந்த பிறகுதான் தன் டீயைக் குடிப்பார். கற்றுக்கொடுத்த மெக்கானிக், "இப்படி ஒரு டிரைவர் கெடைக்க வண்டி குடுத்து வச்சிருக்கணும்" என்றார்.

பரீட்சை பாலத்தருகில் ஆரம்பித்து, கடைத்தெரு வழியாகப் போய், மேடு ஏறி ஆஸ்பத்திரி வாசலில் முடியும். மேட்டுக்கு நடுவில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. அடுத்து நடந்ததை அந்தச் சைக்கிள் கடைக்காரர் பார்த்தார். அதனால் ஊரே பார்த்த மாதிரிதான்.

கடைத்தெருவில் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஓட்டினாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லைசன்ஸ் அதிகாரி சாய்ந்துகொண்டு கண்ணைக்கூட மூடினாராம். மேடு ஆரம்பித்தது. பழைய வண்டி அல்லவா, பாதி ஏறியதும் இஞ்சின் முக்க ஆரம்பித்தது. உடனே இவர் வண்டியை நிறுத்தினார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், "எல்லாரும் எறங்குங்க!" என்று படையில் போடுகிற குரலில் ஒரு சத்தம் போட்டுவிட்டுக் கீழே இறங்கினார். அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அதிகாரியும் குதித்து இறங்கிவிட்டார். இவர் வண்டியின் முன்பக்கம் போய் பானெட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு, நடக்கத் தயாராக நின்றார். அதிகாரி மறுபக்கம் நின்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

"நான் ஏன்யா எறங்கினேன்?" என்று அதிகாரி கேட்டாராம்.

தேறவில்லை. தான் தேறாததைவிட, அதிகாரியையும் இறக்கிவிட்டோமே என்பதுதான் அவருக்கு வெட்கம்.

இரண்டாம் முறை போகும்போது, "இறங்க மாட்டேன், இறங்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே போனார். நானும் வீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்து அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தேன். மேட்டில் இஞ்சின் முக்கியது. வாய் 'இறங்க மாட்டேன்' என்றுதான் சொல்லியது. கால் கேட்கவில்லை. இந்தத் தடவை மனசுக்கும் காலுக்கும் நடந்த சண்டையில் ஹேண்ட் பிரேக்கை இரண்டுமே மறந்துவிட்டன. வண்டி பின்னால் உருண்டுபோய், சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் பார்க்கத் தண்ணீர் வைத்திருந்த தொட்டியைக் கவிழ்த்துவிட்டு நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் காப்பாற்றினார். ஆனால் அன்று சாயங்காலம் நான் காய் வாங்கப் போனபோது, தெரு முனையில் யாரோ, "மேட்டில் இறங்கும் மாப்பிள்ளை வீட்டம்மா வர்றாங்க, வழி விடுங்க" என்றார்கள். அன்றிலிருந்து அதுவே பேராகிவிட்டது.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு அம்மாவும் இருந்தாள். எல்லாருக்கும் நான் பரிமாறி முடிகிறவரை அவர் வழக்கம்போலத் தட்டைத் தொடவில்லை. பரிமாறின பிறகும் தொடவில்லை.

"ஏன் மாப்பிள்ளை, கை கால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு? மேடு வந்தா மட்டும் சீட்டுல ஏதாவது கடிக்குதா?" என்று அம்மா ஆரம்பித்தாள்.

"தெரியல அத்தை. அது முக்க ஆரம்பிச்சதும் மேல உக்காந்திருக்க ஒரு மாதிரியா இருக்கு."

"இரும்புக்குக் கால் வலிக்குமா?"

"வலிக்காது. எனக்குத் தெரியுது அத்தை. என் காலுக்குத்தான் தெரியல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அம்மா தன் தட்டை ஓரமாகத் தள்ளினாள். பிறகு, கல்யாணமாகி இத்தனை நாளில் ஒருமுறைகூடக் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"அந்தக் குதிரை என்ன ஆச்சு?"

பேரைச் சொல்லவில்லை. சொல்வாளா?

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பின்வாங்கி வந்தபோது தோளில் குண்டு பட்டதாம். கூட வந்தவர்கள் அவரைக் குதிரைமேல் ஏற்றிக் கட்டிவிட்டார்களாம். ஒரு பெரிய மேடு வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். பழக்கத்தில் இவரும் கட்டை அவிழ்க்கப் பார்த்தார். "காயம்பட்டவன் எறங்கக் கூடாதுடா, பேசாம உக்காரு" என்று படைத்தலைவர் அதட்டினாராம்.

"யாரும் கடிவாளத்தப் பிடிக்கல அத்தை. அதுவா நடந்துச்சு. அன்னிக்கு வயித்த உப்பிக்கல, குலுக்கல, கடிக்கல. ஒவ்வொரு காலா பாத்துப் பாத்து வச்சு மேல கொண்டுபோய் ஆஸ்பத்திரிக் கூடாரத்துல விட்டுச்சு. மறுநாள் பாக்கப் போனேன். திரும்பக் கடிச்சுது."

"சரிதான்" என்றாள் அம்மா.

"சண்டை முடிஞ்சதும் குதிரைங்களுக்குக் கப்பல்ல எடமில்லேன்னுட்டாங்க. அந்த ஊர்ல பால் வண்டி ஓட்டுற ஒருத்தர்கிட்ட குடுக்கச் சொன்னாங்க. கடைசி வரைக்கும் நடந்தே கூட்டிட்டுப் போனேன். அவருக்கு நம்ம பாஷை தெரியாது. நான் எல்லாத்தையும் சொன்னேன். பின்னால போனா குரல் குடுங்க, மேட்டுல எறங்கிடுங்க, முதல்ல அதுக்குத் தண்ணி காட்டுங்கன்னு. எல்லாத்துக்கும் தலையாட்டினார். புரியலேன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிட்டு வந்தேன்."

அம்மா தண்ணீரை எடுத்து அவர் பக்கம் வைத்தாள்.

"பேரச் சொன்னீங்களா அந்த ஆள்கிட்ட?"

"சொன்னேன் அத்தை."

"சிரிச்சானா?"

"இல்ல. தொப்பியக் கழட்டிட்டு, அதப் பாத்து அதே பேரச் சொன்னார். ரொம்ப மரியாதையா."

"அங்கயாவது மரியாதை கெடைச்சுதே" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அவளிடம் சொன்னால் அடுப்புப் புகை என்பாள். அடுப்பு அணைந்து வெகு நேரமாகியிருந்தது.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. நானாக நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன், கடவுள் காட்டினார்.

"ஏங்க, அப்ப காயம்பட்டவங்கள மேட்டுல இறக்க மாட்டாங்களா?"

"எப்படி இறக்குறது? அவங்கள மேல வச்சுத்தான் கொண்டு போகணும். அதுவும் சட்டந்தான்."

"ஆஸ்பத்திரி வண்டியில போறது யாரு?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு முகம் திரும்பவும் வாடியது. "பரீட்சை வண்டி காலியா இல்ல போகுது?"

"காயம்பட்ட ஒருத்தர ஏத்திக்கிட்டுப் போனா?"

அறையில் நாங்கள் மூன்று பேர்தான். அவர் ஓட்ட வேண்டும். நான் பக்கத்தில் இருந்து காயம்பட்டவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பினோம்.

"என்னை ஏன்டி பாக்குறே?" என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் நானும் நர்ஸம்மாவும் லைசன்ஸ் அதிகாரியைப் பார்க்கப் போனோம். நோயாளி வண்டி என்றால் பின்னால் நோயாளி இருக்க வேண்டாமா, ஆளை ஏற்றிக்கொண்டு ஓட்டிக் காட்டுகிறோம் என்று கேட்டோம். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யார வேணும்னாலும் ஏத்திக்கோங்கம்மா. அன்னிக்கு நானும் எறங்கினேன்ல, அத மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க." அது ஊருக்கே தெரியும், தெரிந்துவிட்டது என்று தெரியாதவர் அவர் ஒருவர்தான் பாக்கி என்று நாங்கள் சொல்லவில்லை.

பரீட்சை நாளில் அம்மா தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து நின்றாள். அண்ணனிடம் பிரார்த்தனைக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். எனக்கு ஒரே உறுத்தல், இதெல்லாம் பொய்யாகிவிடாதா என்று. நர்ஸம்மா துணிக்கட்டோடு வந்ததும் அம்மாவே அதற்கு வழி சொன்னாள். "இடது முட்டியில கட்டுங்க. அதுலதான் நெஜமாவே வலி. கடவுள் கேட்டாலும் காட்டலாம்." முட்டி பூசணிக்காய் மாதிரி ஆகிறவரை கட்டச் சொன்னாள். ஸ்ட்ரெச்சரில் படுத்ததும், வண்டி கிளம்புவதற்கு முன்பே முனக ஆரம்பித்துவிட்டாள்.

"இப்பவே வேண்டாம்மா" என்றேன்.

"பழகிக்க வேணாமாடி?"

நான் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். முன்னால் அவரும் அதிகாரியும். நடுவில் ஒரு சின்ன ஜன்னல் திறந்திருந்தது. அவருடைய பிடரியும் தோளும் அதில் எனக்குத் தெரிந்தன. பாலத்தைத் தாண்டினோம், கடைத்தெருவைத் தாண்டினோம். எல்லாம் வெண்ணெய்தான். மேட்டின் அடியில் வண்டி திரும்பியது. பின் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், மேடு முழுக்க ஆட்கள். சைக்கிள் கடைக்காரர் தொட்டியைக் கடைக்குள்ளே எடுத்து வைத்துவிட்டு, கையில் ஒரு கட்டையோடு நின்றார், சக்கரம் பின்னால் உருண்டால் அண்டக் கொடுக்க.

இஞ்சின் முக்க ஆரம்பித்தது.

அவர் தோள் மேலே ஏறுவது தெரிந்தது. வண்டியின் வேகம் குறைந்தது. ஒரு கை ஸ்டியரிங்கை விட்டுக் கதவுப் பக்கம் போயிற்று. பக்கத்தில் அதிகாரியின் கையும் தன் பக்கத்துக் கதவுக்குப் போயிற்று, பாவம், அவருக்கும் பழகிவிட்டது. நான் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தேன். கடவுளே என்றுகூடச் சொல்ல வரவில்லை.

"மாப்பிள்ளை!" என்று அம்மா ஒரு சத்தம் போட்டாள். "காயம்பட்டவ மேல இருக்கேன்!"

அந்தச் சத்தத்தில் எழுந்திருக்கப் போய் முட்டி எதிலோ இடித்துவிட்டது. அதற்கு அப்புறம் அவள் முனகினது முழுக்க முழுக்க நிஜம்.

கதவுக்குப் போன கை அப்படியே நின்றது. பிறகு திரும்பி வந்து கியரைப் பிடித்தது. வண்டி ஒரு தரம் குலுங்கி, பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாக அவர் குரல் தணிவாகக் கேட்டது. "இருக்கேன், இருக்கேன்." அம்மாவிடம் சொன்னாரா, வண்டியிடம் சொன்னாரா, அந்த மூக்கில் வெள்ளைப் பட்டை போட்டவளிடம் சொன்னாரா, நான் இன்றுவரை கேட்கவில்லை. வண்டி ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து வைப்பதுபோல ஏறிற்று. சைக்கிள் கடையைத் தாண்டும்போது கடைக்காரர் கட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, அவர் இறங்கினார். அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார், இவர் கேட்கவே இல்லை. நேரே பின்னால் வந்து கதவைத் திறந்தார். கையில் தண்ணீர்ப் பாட்டில். அம்மாவை மெதுவாக நிமிர்த்தி உட்கார வைத்து, முதலில் அவளுக்குக் குடிக்கக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை, தன்னையும் அறியாமல், அவள் கழுத்துக்குக் கீழே தோளில் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பகீரென்றது. மாமியார்க்காரியைத் தட்டிக்கொடுக்கிற மாப்பிள்ளையை எங்கே பார்த்திருக்கிறோம்? அம்மா அந்தக் கையை ஓரக்கண்ணால் பார்த்தாள். கடிக்கவில்லை.

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். "தண்ணி ஆச்சு. தீவனம் எங்க?" என்றாள்.

அவர் சிரித்தார். ஆணிக்கடையில் உட்கார்ந்த நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு அது. அப்புறம் முன்பக்கம் போய் வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் தொட்டுப் பார்த்தார். அது ஆறட்டும் என்று காத்திருந்தார். ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றினார். இதெல்லாம் முடிகிறவரை, தேறிவிட்டீர்கள் என்று சொல்ல அதிகாரி பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்கு விஷயம் தெரிந்தபோது அம்மாவைத்தான் கோபித்துக்கொண்டார். "கடைக்கு ஆள் வேணும்னு உனக்குத் தெரியாதாம்மா?" அதற்கு அம்மா, "ஆணிக்கு ஆயிரம் பேர் கெடைப்பாங்கடா. எனக்கு முட்டி வலிச்சா மேல ஏத்திட்டுப் போக ஒரு ஆள் வேணாமா?" என்றாள். அண்ணன் தராசுக்குப் பின்னால் வேறு ஒருவரை உட்கார வைத்தார். அவர் ஆணியைப் பார்த்து வாடாத ஆள், இன்றும் இருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கொடுத்த வீட்டில்தான் எங்கள் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். இந்த ஊரில் பாதிப் பேர் அவர் வண்டியில் மேடு ஏறியிருக்கிறார்கள். பிரசவ வலியோடும், கை ஒடிந்தும், காய்ச்சலில் பிதற்றிக்கொண்டும். ஒருவருக்காகவும் அவர் நடுவில் நின்றதில்லை. என் அம்மாவையும் எத்தனையோ தடவை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார், அந்தத் தடவைகளில் நடிப்பில்லை. மேலே வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு, "தீவனம் எங்க?" என்று கேட்க மட்டும் அவள் மறந்ததில்லை.

காலி வண்டி விஷயம் வேறு. பெட்ரோல் போட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வருவார் அல்லவா, அப்போது சைக்கிள் கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருப்பார். மேட்டின் அடியில் வண்டி ஒரு நிமிஷம் நிற்குமாம். கதவு திறக்குமாம். ஒரு கால் மட்டும் கீழே வந்து தரையைத் தொட்டுவிட்டு உள்ளே போகுமாம். அதற்கப்புறம்தான் வண்டி ஏறுமாம்.

ஒருநாள் சமையலறையில் அவரிடமே கேட்டேன். "எதுக்குங்க அந்தக் கால் மட்டும் இறங்குது?"

"லாடம் தேஞ்சிருக்கான்னு பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டு, என் தோளில் கை வைத்து, "இருக்கேன், இருக்கேன்" என்று பின்னால் நகர்ந்து போனார்.